மல்லாட்டைத் தெரு, கடலூர் ஓ.டி.

தபால் கார்டில் விஷயத்தை எழுதும்போது சின்னம்மாள் எதையும் மறைக்க மாட்டாள். யார் வேண்டுமானாலும் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கலாம். அனுப்புகிறவர் விலாசம் எழுத வரும்போதுதான் இடது கை கூரை மாதிரி கவிழும். மை காய்கிறவரை எடுக்க மாட்டாள். கூச்சக்காரி, அவள் கைக்கும் கூச்சம் என்று சிரித்துச் சிரித்தே தெருவுக்கு அது பழகிப்போயிற்று.

குமராட்சிப் பக்கம் வெள்ளம் நடவைக் கொண்டுபோன அறுபத்திரண்டில், அவள் புருஷன் சாமிக்கண்ணுவோடு கடலூர் ஓ.டி.க்கு, அதாவது பழைய டவுனுக்கு, வந்தாள். ஊரில் கடலை என்று சொன்னதற்கு இங்கே மல்லாட்டை என்று பேர். அதை உடைத்துத் துறைமுகத்துக்கு அனுப்புகிற மில்லில் அவனுக்கு மூட்டை தூக்கும் வேலை. மில்லுக்குப் பின்னால் காலி மனையில் ஒரு குடிசை. அப்புறம் திட்டக்குடியிலிருந்து ஆறு குடும்பம், திருவதிகையிலிருந்து நாலு, ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த சைதுன் பீவி குடும்பம் என்று எதிரும் புதிருமாகக் குடிசைகள் நீண்டன. பெண்கள் விதைக் காய் வாங்கிவந்து வாசலில் உட்கார்ந்து உரிப்பார்கள். நடந்தால் காலுக்கடியில் தோல் மொறுமொறுவென்று நொறுங்கும்.

அங்கே மூன்றாம் வகுப்பு வரை போனவள் சின்னம்மாள் ஒருத்திதான். எல்லா வீட்டுக் கடுதாசியும் அவள் கையெழுத்துதான். அம்மாவுக்கு முதல் கார்டு எழுதியபோது, ‘மில்லுக்குப் பின்னால், குடிசை’ என்று போட மனசு வரவில்லை. அம்மா அழுதுவிடுவாள். அவளாக ஒரு தெருவை உண்டாக்கி எழுதினாள். பதிலும் வந்து சேர்ந்தது. பிறகு எல்லோருக்கும் அதையே போட்டாள். சர்க்கார் கார்டில் பொய் எழுதினால் ஜெயில் என்று யாரோ சொன்னதிலிருந்து கை கவிழத் தொடங்கியது. படிக்கத் தெரியாதவர்களிடம் போய் மறைக்கிறோமே என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அங்கே தோண்டினால் உப்புத் தண்ணீர்தான். நல்ல தண்ணீருக்கு ரயில் பாதையைத் தாண்டிப் போகவேண்டும். அறுபத்தாறில் குழாய் வரப்போகிறது என்றார்கள். தெருவுக்குப் பேர் வேண்டும் என்று நகராட்சி ஓவர்சியர் சொல்லிப்போனார். ஆண்கள் மூன்று நாள் சண்டை போட்டார்கள். திட்டக்குடியார் தெரு என்றது ஒரு கட்சி. குமராட்சித் தெரு என்றான் சாமிக்கண்ணு. பர்மா தெருதான் என்று சைதுன் பீவியின் புருஷன் நைனா முகம்மது ஒற்றைக்காலில் நின்றார்.

ஓவர்சியர் திரும்பி வந்தபோது ஆண்கள் எல்லோரும் மில்லில். தெருமுனையில் பைப் ஏற்றிய வண்டி நின்றது.

“பேரு முடிவாச்சா?”

“ஆச்சு சார், மூணு பேரு ஆச்சு,” என்றாள் சைதுன் பீவி. “எந்தப் பேருக்குத் தண்ணி ஜாஸ்தி வரும்னு சொல்லுங்க, அதையே வச்சிக்கிறோம்.”

அவர் சிரிக்கவில்லை. “ரிஜிஸ்டர்ல இது காலி மனைம்மா. ரொம்ப நாளா தெருவாத்தான் இருக்குன்னு காட்ட ஒரு காயிதம் இருக்கா? இல்லன்னா பைப்பை வேற தெருவுல எறக்கிடுவேன்.”

சின்னம்மாள் வாசலில் கவிழ்த்திருந்த குடங்களைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். வீட்டுக்குள் போய், கடுதாசிகளைக் குத்தி வைத்திருந்த கம்பியை உருவிக்கொண்டு வந்தாள். வீடு வீடாகப் போய் அவர்கள் கம்பிகளையும் உருவினாள். எல்லாவற்றையும் முறத்தில் போட்டு அவர் முன்னால் நீட்டினாள்.

அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். “மல்லாட்டைத் தெரு, கடலூர் ஓ.டி. இதுவும் மல்லாட்டைத் தெரு. திட்டக்குடி முத்திரை, அறுபத்து மூணு. அட, ரங்கூன்லேர்ந்துகூட! யாரும்மா வச்சது இந்தப் பேரை?”

“நாந்தான் சார். பொய்யா எழுதிட்டேன். என்னப் புடிச்சிக்கினு போங்க. பைப்ப மட்டும் வுட்டுட்டுப் போங்க.”

அப்போதுதான் தபால்காரர் தங்கராசு சைக்கிளில் வந்து இறங்கினார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “என்னாம்மா பொய்யி? நாலு வருஷமா இல்லாத தெருவுக்கா நான் சைக்கிள் மிதிச்சேன்? இந்தா, இன்னிக்கும் மூணு கார்டு.”

ஓவர்சியர் சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தார்.

“அடிப் பாவி, அதுக்கா கையக் கவுத்த?” என்றாள் சைதுன் பீவி. “நான் ஒனக்கு உள்ளங்கையில சொறின்னு நெனச்சிக்கினு இருந்தேன்!”

சாயங்காலம் ஆண்கள் வந்து பார்த்தபோது பள்ளம் வெட்டியாகிவிட்டது. சண்டைக்கு விஷயமே இல்லை. பதினைந்தாம் நாள் குழாய் இருமியது, செம்மண் நிறத்தில் துப்பியது, பிறகு தெளிந்தது. முதல் குடத்தைச் சைதுன் பீவி பிடித்தாள். பிடித்ததை அப்படியே சின்னம்மாள் தலையில் கவிழ்த்தாள். அன்று யாரும் மல்லாட்டை உரிக்கவில்லை.

இப்போது தெருவில் நாற்பத்தொரு வீடு. வீட்டுக்கு வீடு குழாய் இருக்கிறது. முனையில் நகராட்சி வைத்த பலகையில் மல்லாட்டைத் தெரு என்றுதான் எழுதியிருக்கிறது. சின்னம்மாள் மூன்றாம் நம்பர் வீட்டில் இருக்கிறாள். விலாசம் எழுதும்போது இன்னும் கையைக் கவிழ்க்கிறாள்.