இரண்டு பல் இல்லாத சக்கரம்

இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஓடியிருக்க வேண்டிய கார் அது.

அம்மாவின் தம்பி, என் மாமா, பம்பு கம்பெனி வேலையை உதறிவிட்டு எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். கணபதி என்கிற அந்தப் பகுதியில் வீட்டை ஒட்டியே அப்பாவின் லேத் பட்டறை. அதன் முன்பகுதியில் மெக்கானிக் கடை போட வேண்டும் என்பது மாமாவின் ஆசை. பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும் எங்கள் பழைய காரைச் சரிசெய்து, குலதெய்வக் கோயிலுக்கு அதிலேயே கூட்டிப் போனால் கடைக்கு இடம் உண்டு, இல்லையென்றால் பெருந்துறையில் தான் பார்த்து வைத்திருக்கும் வேலைக்குப் போய்விட வேண்டும் என்றார் அப்பா.

விபத்தில் நொறுங்கிய வேறொரு காரிலிருந்து, பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இஞ்செக்‌ஷன் சாமான்களையும் அதன் கம்ப்யூட்டர் பெட்டியையும் மாமா உக்கடம் பழைய சாமான் சந்தையில் வாங்கி வந்தார். பிஸ்டன் எப்போது மேலே வருகிறது என்று அந்தப் பெட்டிக்குத் தெரிய வேண்டுமே. அதற்காக அப்பாவின் பட்டறையிலேயே பல்சக்கரம் ஒன்றைச் செய்து இன்ஜினில் மாட்டினார். ஓரிடத்தில் மட்டும் இரண்டு பல் கிடையாது. அந்தக் காலியிடத்தை வைத்துத்தான் பெட்டி கணக்குப் போடும் என்று எனக்குக் காட்டினார். நாலாம் வகுப்புப் படித்த எனக்கே புரிந்தது. கோயிலுக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் மதியம் இன்ஜின் ஓடவும் செய்தது. அந்தச் சத்தத்தை நானும் மாமாவும் மட்டும்தான் கேட்டோம்.

அப்பாவுக்கு அந்தச் சக்கரம் கண்ணை உறுத்திவிட்டது. தன் பட்டறைச் சாமான் மூளியாக வெளியே போவதா? மாமா பூஜைச் சாமான் வாங்கப் போன நேரத்தில் அதைக் கழற்றி, வெல்டு வைத்து, அரம் போட்டு, இரண்டு பல்லையும் முளைக்க வைத்து, பழையபடி மாட்டிவிட்டார். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் கௌரவம் என்னாவது!

மறுநாள் காலை சொந்தமெல்லாம் கூடி நின்றது. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். மாமா சாவியைத் திருகினார். இன்ஜின் சுற்றியதே தவிர பிடிக்கவில்லை. பேட்டரி தளர்கிற வரை திருகிப் பார்த்தார்.

அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, அம்மாவைப் பார்த்து, “உன்ற தம்பி இருந்த வேலையையும் உட்டுப்போட்டு வந்து இதைத்தான் பண்ணுனானா அம்மணி?” என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

“சக்கரத்துல ரெண்டு பல்லை உட்டுப்போட்டானுங்க்கா. நாந்தான் வெல்டு வெச்சுச் சரிபண்ணுனேன். அப்படியும் ஓடலீங்க,” என்றார் அப்பா, பெருமையாக.

மாமாவின் கை சாவியிலேயே நின்றுவிட்டது. பக்கத்து சீட்டில் இருந்த நான் வாயைத் திறந்தேன். என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, “என்ற கணக்குத்தான் தப்பாப் போச்சுங்க மச்சான்,” என்றார் மாமா.

மச்சானாம், மரியாதையாம்! இரண்டு பல்லை அறுத்தால் முடிந்தது. அதைச் சொல்ல வாயில்லையா இந்த மனுஷனுக்கு? வாடகை வேனில் கோயிலுக்குப் போய்வந்தோம். அந்த வாரமே அப்பா மாமா மாட்டியதையெல்லாம் கழற்றிவிட்டு, காரில் முன்பிருந்த பழைய கார்பரேட்டரையே மாட்டிவிட்டார்.

பெருந்துறைக்குப் புறப்பட்ட அன்று பையோடு நின்ற மாமாவை வாசலில் மறித்துக் கேட்டேன்: “ஏன் மாமா சொல்லலை?”

“அக்கா இந்த ஊட்டுலதான கண்ணு இருக்கோணும்,” என்றார்.

அம்மா இந்த வீட்டில் இல்லாமல் வேறெங்கே இருப்பாள்? கேட்டதற்கும் சொன்னதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லையே என்று எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. போய்வருகிறேன் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் வெடுக்கென்று உள்ளே போய்விட்டேன்.