மெழுகு வைத்து அடைத்த ஓட்டை

அஞ்சாம் வகுப்புப் படிப்புதான் எனக்கு. எழுத்து கோணலாக இருக்கும், பாதி மறந்தும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகனுடைய வாடகைக் காரின் முன்விளக்குக்குள் நீர் கோத்துக்கொண்டது. மறுநாள் ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று, எடுக்க வேண்டும். விளக்கு மங்கலாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, திருக்கோகர்ணத்தில் ஒரு மெக்கானிக்கிடம் ஓட்டிப் போனான். நானும் கூடப் போனேன்.

ஒல்லியான ஆள். எதைச் சொல்வதற்கு முன்னும் விளக்கை நகத்தால் ஒரு தட்டுத் தட்டுவார். கழற்றிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒரு சின்ன ஓட்டை நிறைய மெழுகு. மழைத்தண்ணீர் உள்ளே போய்விடுமே என்று முந்தின வாரம் உருக்கி ஊற்றியவள் நான்தான்.

"எவன் இத அடைச்சான்?" என்றான் மகன். நான் முந்தானையைச் சரிசெய்கிற சாக்கில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஒரு தட்டுத் தட்டினார்.

"விடுங்க தம்பி, யாரோ நல்லதுன்னு செஞ்சிருக்காங்க. இது மூச்சு விடுற ஓட்டை. அடைச்சா உள்ள வேர்த்துப் போயிரும்."

மெழுகைச் சுரண்டி வெயிலில் வைத்தார். மத்தியானத்துக்குள் கண்ணாடி தெளிந்தது. மறுநாள் எஃப்.சி.யும் கிடைத்தது.

அன்றைக்குக் கடையிலிருந்து கிளம்பும்போதே அவர் என்னிடம் மெதுவாக, "இனிமே மெழுகுவத்திய கரண்டு போனா மட்டும் ஏத்துங்க ஆத்தா" என்றார்.

நான் வாயே திறக்கவில்லை, அவருக்கு எப்படித் தெரிந்தது? ஓட்டை இருந்தும் தண்ணீர் எப்படி உள்ளே போகாமல் இருக்கிறது? மகனிடம் கேட்டால் குட்டு உடைந்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் யாராவது நான் எழுதியது சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள். அவனிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.