தலவாக்கலையில் திறந்த என் முதல் வெப்சைட்

லேமினேட்டிங் மெஷின் சூடாகும்போது ஒரு பிளாஸ்டிக் வாசம் வரும்...

தலவாக்கலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சிவா அண்ணாவின் கம்யூனிகேஷன் கடை. ஏ.எல். பரீட்சை முடித்த கையோடு அங்கேதான் வேலைக்குச் சேர்ந்தேன். போட்டோகொப்பி எடுப்பது, கொழும்பு வேலைகளுக்கு சி.வி. டைப் பண்ணுவது, ஐ.டி. கார்டுக்கு பிளாஸ்டிக் உறை போடுவது. மழை பிடித்துக்கொண்டால் ஆள் வராது. அப்போது மவுஸால் படம் வரைவேன். பனி, ரயில் ரோடு, தேயிலைக் கொழுந்து மலை...

அப்படி ஒரு மழை நாளில்தான் சந்திரா அக்கா வந்தார். மேலே மலையில் சின்ன கெஸ்ட் ஹவுஸ் வைத்திருந்தவர். சாப்பாட்டு மெனுவை ஸ்கேன் பண்ண வந்தவர் ஸ்கிரீனில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இதே மாதிரி படம் போட்டு எனக்கு வெப்சைட் ஒன்று செய்து தர முடியுமா என்று சிங்களத்தில் கேட்டார்.

"புளுவன்" என்றேன். முடியும் என்று வாய் சொல்லிவிட்டது. வெப்சைட் எப்படிச் செய்வதென்று எனக்கு ஒன்றுமே தெரியாது.

சிவா அண்ணா சிரித்துவிட்டு கடைச் சாவியை என்னிடம் கொடுத்தார். காலையில் கடை திறக்கும் முன்பே போய் உட்கார்ந்து, நெட்டில் தேடித் தேடிப் படித்தேன். கோடிங்கில் ஒரு குறி விட்டுப்போனால் பக்கம் முழுக்கக் கலைந்துவிடும். அழுகை வரும்... துடைத்துக்கொண்டு மறுபடி எழுதுவேன்.

அந்த நேரம் பார்த்து கொழும்பிலிருந்து சித்தி போன் பண்ணினார். அங்கே ஒரு துணிக்கடையில் எனக்கு வேலை பார்த்துவிட்டாராம், திங்கட்கிழமையே வரவேண்டுமாம். அப்பா சரியென்று சொல்லிவிட்டார். அவருக்கு லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் வேலை. அங்கேயே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் சில வருடங்கள் ஆகியிருந்தன. நானும் வெளியே போய்விட்டால் வீட்டில் அப்பா மட்டும்தான்.

போகமாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நான் செய்வதை ஒருமுறை வந்து பாருங்கள் என்று மட்டும் அப்பாவிடம் கேட்டேன்.

சனிக்கிழமை வேலை முடிந்து, தேயிலைத் தூள் ஒட்டிய சட்டையோடேயே கடைக்கு வந்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். நெட் ஸ்லோ... படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் மலை முகடு, பிறகு பனி, பிறகு கொழுந்துக் கூடையோடு தூரத்தில் நிற்கும் ஒரு பெண்.

அப்பா ஸ்கிரீனுக்குக் கிட்டே குனிந்தார்.

"இது அம்மாதானே?"

"மொகமே வரையலியேப்பா. எப்படித் தெரியுது?"

"நிக்கிறதப் பாத்தாலே தெரியுதே."

வீட்டுக்குப் போக பஸ் ஏறும்போதுதான் சொன்னார். "கொழும்பு எங்கயும் ஓடிப் போயிராது. நீ மொதல்ல இத முடி. சித்திகிட்ட நான் பேசிக்கிறேன்."

முடித்தேன். சந்திரா அக்காவுக்குப் பிடித்துப்போய், அவர் சொல்லி இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிசு, குவைத்திலிருந்து வந்த ஒரு போன். வேலை செய்யும் வீட்டுப் பிள்ளையிடம் கெஞ்சி, அவனுடைய கம்ப்யூட்டரில் அம்மா சைட்டைப் பார்த்திருக்கிறார்.

"நம்ம மலையப் பாத்தேன்டி" என்றார்.

இப்போது லிந்துலையில் எங்கள் வீட்டு முன் அறைதான் என் ஆபீஸ். வேலை தருகிறவர்கள் மெல்போர்னிலும் டொரன்டோவிலும் இருக்கிறார்கள், ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. ஓய்ந்த நேரத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்காக ஒரு படக்கதைப் புத்தகம் வரைகிறேன். அம்மா திரும்பி வந்துவிட்டார். பின்னால் மரக்கறித் தோட்டத்தில் அப்பாவோடு ஏதாவது வாக்குவாதம் நடந்துகொண்டே இருக்கும்.

சந்திரா அக்காவின் சைட்டை அவர் மகன் புதிதாக மாற்றிவிட்டார். ட்ரோனில் எடுத்த போட்டோக்கள்... நன்றாகத்தான் இருக்கிறது.

நேற்று ஒரு பெரிய வேலையை முடித்து அனுப்பினேன். பக்கம் கண் இமைப்பதற்குள் திறக்கிறது. உடனே ஒரு தம்ஸ்-அப் வந்தது. சந்தோஷம்தான்.

ஆனாலும்... யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இது யார், இது எந்த இடம் என்று ஒன்றொன்றாகக் கேட்கமாட்டார்களா என்று இருந்தது.