தோளில் தெரிந்த அணை

அப்பா அன்று துண்டை மடித்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. நாலாக மடித்து, ஒருமுறை நீவிவிட்டு, எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்து, கடைசியில் என் கையில் கொடுத்தார். காரைக்காலில் நான் படித்த கல்லூரியின் வீடியோ கூடம் அது. துண்டு பச்சை நிறம், விவசாயிகள் சங்கத்துக்காரர்கள் தோளில் போடுவது. விழிதியூர்க் கிளைக்கு அப்பாதான் செயலாளர். டீக்கடைக்குக்கூட அது இல்லாமல் போகமாட்டார். துவைத்தது காயாவிட்டால் ஈரத்தோடு போட்டுக்கொண்டு கிளம்புவார், அம்மா திட்டத் திட்ட.

கடைசி வருஷ ப்ராஜெக்டுக்காக, கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராததைப் பற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அணை திறந்த செய்தி பேப்பரில் வந்து பழசாகிப் போன பிறகுதான் எங்கள் வாய்க்கால் நனையும். அந்தத் தண்ணீருக்காகவே ஆயுசு முழுக்கக் காத்திருந்த அப்பா, அணையை நேரில் பார்த்ததே இல்லை. அவரை அணைக்கு அழைத்துப்போக வழியில்லை, சரி, அணையை இங்கே கொண்டுவந்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ஜவுளிக்கடையில் பச்சைத் துணி வாங்கிச் சுவரில் கட்டினோம். அதன் முன்னால் ஆளை நிறுத்திப் படம் எடுத்தால், பச்சை தெரியும் இடத்திலெல்லாம் கம்ப்யூட்டர் அணைப் படத்தைப் போட்டுவிடும். க்ரீன் மேட் என்றால் பச்சையாக ஒரு துணி, அவ்வளவுதானே என்று நினைத்திருந்தேன். சுருக்கம் இருந்த இடமெல்லாம் கறுப்புக் கறுப்பாகத் தெரிந்தது. இஸ்திரி போட்டு, விளக்கை நகர்த்தி நகர்த்தி வைத்து, மஞ்சள் சுடிதார் போட்ட தோழியை நிற்கவைத்து இரண்டு நாள் சோதித்தோம். இருபது வருஷமாக அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அவர் தோளில் பச்சை இருக்கிறது என்பது மட்டும் இந்த மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

அப்பா வந்து நின்றார். திரையில் அணை வந்தது, கூடவே அவருடைய இடது தோள் காணாமல் போனது. துண்டு இருந்த இடத்தில் மதகுத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் சிரித்தோம். அப்பா குனிந்து பார்த்துவிட்டு, "அட, என் தோள்லயே மதகத் தொறந்துட்டியா ஆயி!" என்று அவரும் சிரித்தார். லேப் அண்ணன், "நீலத் துணி ஒண்ணு கெடக்கும்மா. தொவைச்சு மாட்டுனா நாளைக்கு எடுத்துடலாம்" என்றார். ப்ராஜெக்டைக் கொடுக்க இன்னும் நாலு நாள் இருந்தது. ஆனால் மறுபடி இஸ்திரி, மறுபடி விளக்கு என்று நினைத்ததுமே எனக்கு எரிச்சல் வந்தது. "துண்ட எடுத்துடுங்கப்பா. ரெண்டு நிமிஷந்தானே" என்றேன்.

"துண்டு இல்லாமயா?"

"இத யாருப்பா பாக்கப் போறா?"

அப்போதுதான் அவர் அதை மடித்தார்.

பார்த்தார்கள். நல்ல மார்க் வந்த படம் கைப்பேசி கைப்பேசியாக ஊருக்குப் போனது. அப்பா தண்ணீரைப் பற்றிச் சொன்னது ஒருவர் காதிலும் விழவில்லை. செயலாளர் துண்டை எடுத்துவிட்டார், அதிகாரிகள் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. சங்கக் கூட்டத்தில் நேருக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள். "மறந்து வச்சிட்டுப் போயிட்டேன்" என்றாராம் அப்பா. எவன் நம்புவான்? அடுத்த கூட்டத்தில் பதவி வேறொருவருக்குப் போனது. அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். "நாந்தான் எடுக்கச் சொன்னேன்னு சொல்லியிருக்கலாமேப்பா" என்று அழாத குறையாகக் கேட்டேன். "பெத்த புள்ளையப் போயி சபையில காட்டிக் குடுக்கவா?" என்று சொல்லிவிட்டு வயலுக்குக் கிளம்பிவிட்டார், அதே துண்டைப் போட்டுக்கொண்டு. எனக்கு வெட்கமாக இருந்தது. மார்க் பட்டியலை அவரிடம் காட்டவே இல்லை.

இப்போது சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் க்ரீன் மேட்டுக்கு நான்தான் பொறுப்பு. போன மாதம் பேட்டிக்கு ஒரு விவசாயி வந்தார். நான் உள்ளே நுழைவதற்குள், "ஐயா, அத மட்டும் எடுத்துடுங்க" என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவர் தோளிலிருந்து பச்சைத் துண்டை இறக்கி, நாலாக மடித்து நீவிக்கொண்டிருந்தார். வைக்க இடம் தேடுவதற்குள் நான் கத்திவிட்டேன்: "ஐயா, வேணாம், போட்டுக்குங்க! இந்தத் துணியக் கழட்டிட்டு நீலத்தக் கட்டுங்கப்பா."

விளக்கையெல்லாம் மாற்றிவைக்க ஒரு மணி நேரம் ஆனது. தயாரிப்பாளர் வந்து குதித்தார். வருகிறவர் என்ன உடுத்தியிருக்கிறார் என்று முன்கூட்டியே கேட்க மாட்டீர்களா, யார் தப்பு இது என்றார். கேட்கவேண்டியது என் வேலையே இல்லை.

"நாந்தான் சார், மறந்துட்டேன்" என்றேன்.

பெரியவர் மடித்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நீலத் துணிக்கு முன்னால் போய் நின்றார்.