ஜமுனாவின் தோளுக்கும் ஒரு பாடு

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் ஜமுனாவிடம் வாய்கொடுத்து மீண்டவர் கிடையாது. பொன்னேரி சந்தையில் இறாலைக் கிளறிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டுகிறவர்களை அவள் சும்மா விட்டதே இல்லை. அப்பேர்ப்பட்டவள் ஐந்து மாதமாக ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. வலது தோள் இறுகிப்போய், கை காதுக்கு மேலே எழும்பவில்லை. கூடையை இடது கையால் தூக்கினாள். தலையை எப்படியோ ஒற்றைக் கையால் அள்ளி முடிந்துகொண்டாள்.

மகளிர் குழுவில் பேச மனநல ஆலோசகர் வித்யா வந்தாள். ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். தாளில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஆறு துண்டு: வேலை, குடும்பம், நட்பு, உடம்பு, ஓய்வு, நான். உளவியல் படித்தவர்கள் அன்றாட வாழ்க்கையை இப்படிப் பிரித்துப் பார்ப்பார்களாம். ஒன்று நன்றாக இருக்கிறது என்பதற்காக மற்றதும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லையாம். எதில் எவ்வளவு நிறைவோ அவ்வளவு வண்ணம் தீட்டச் சொன்னாள்.

ஜமுனா வண்ணத்தைத் தொடவே இல்லை. ஏரியில் நல்ல இடத்தில் எல்லோரும் வலை போட்டால் அடிதடிதான் என்று, சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு நாள் முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். துண்டு போட்ட வட்டத்தைக் கண்டால் அந்த ஊர்ப் பெண்ணுக்கு வேறென்ன தோன்றும்? வேலைக்கு நான்கு நாள், குடும்பத்துக்கு இரண்டு, நட்புக்கு ஞாயிற்றுக்கிழமை என்று முறை எழுதிக் கொடுத்துவிட்டாள்.

வித்யா சிரித்துவிட்டுக் கேட்டாள். "உடம்புக்கு ஒரு நாள்கூட இல்லையேக்கா?"

"அது அடுத்த சுத்துல வரும் மேடம்."

"எத்தனை சுத்தா காத்திட்டு இருக்கு?"

ஜமுனா தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டில் அந்தத் தாளைக் கணவன் முத்துராஜிடம் வேடிக்கையாகத்தான் காட்டினாள், தோள் கதையையும் சேர்த்துச் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. ஊர்ச் சீட்டுக் குலுக்குகிறவன் அவன். படுத்த படுக்கையாய்க் கிடக்கிறவன் பெயரையும் சேர்த்தே ஆக வேண்டும் என்று மல்லுக்கு நிற்கிறவன். உடம்பு என்று எழுதிய வெற்றுத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை அவனுடைய பாடு. அன்று விடிந்தபோது படகு கரையிலேயே கிடந்தது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் சீப்போடு நின்றான் முத்துராஜ்.

"இன்னாய்யா இது? இன்னிக்கு உன் பாடு. வுட்டா அடுத்த சுத்துதான்."

"எனக்கு அடுத்த சுத்து வரும். யாரு பேரையும் தாண்டக்கூடாதுனு ஊருக்கே சொல்றேன், எங்க வூட்லயே ஒரு பேரு வுட்டுப்போச்சு. அஞ்சு மாசமா பாக்காம இருந்துக்கிறேன் பாரு. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போறோம். உக்காரு, தலை வாரி வுடறேன்."

வலை முடிச்சில் அவனை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. பின்னல்தான் வரவில்லை. மூன்று தடவை பிரித்துப் பின்னினான். ஜமுனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"கோணலா இருக்குதுய்யா."

"இருக்கட்டும்."

பஸ்ஸில் பூக்காரியிலிருந்து கண்டக்டர் வரை அந்தப் பின்னலைப் பார்த்துச் சிரித்தார்கள். ஜமுனா யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று முழுக்க அதை அவிழ்க்கவும் இல்லை.