ஹவில்தார் அருளப்பனும் மதுரையில் இல்லாத பெயிண்டரும்

செவ்வாய்க்கிழமை காலை ஒயர்லெஸ் அறையிலிருந்து ஒரு சீட்டு வந்தது. இரண்டே வரி. ஹவில்தார் அருளப்பன் மதராஸ் ஆஸ்பத்திரியில் ஞாயிறன்று காலமானார். அடக்கம் சொந்த ஊரில். படித்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல. 'நல்லவேளை, சொல்லிவிட்டேன்' என்ற நினைப்புதான். அழுகை மத்தியானத்துக்கு மேல் வந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் இந்தத் தீவில், கேம்பல் பேயில் அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும், அவரிடம் நான் சொன்னது என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவர் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, சர்க்கார் கொடுத்த நிலத்தில் இங்கே குடியேறியவர். நான் போர்ட் பிளேரிலிருந்து மாற்றலாகி வந்த குமாஸ்தா. மனைவி மக்களை அங்கே ஷாதிபூரில் விட்டுவிட்டு, கப்பல் வரும் நாளை எண்ணிக்கொண்டிருந்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போவேன். அங்கே பெரிய மரமேசையில் மணலைக் கொட்டி, கல்லை வைத்து மலை, நீலத்துணியை விரித்து ஆறு என்று ஒரு போர்க்களமே இருக்கும். பட்டாளத்தில் மணல்மேசையில் இடத்தைக் காட்டி விளக்குவார்களாம். அதையே அவர் விளையாட்டாக்கிவிட்டார். ஆளுக்கு முப்பது ஈயச் சிப்பாய்கள், சுண்டுவிரல் உயரம். அடிக்கோலால் அளந்து நகர்த்த வேண்டும், பகடை உருட்டிச் சுட வேண்டும். எதிராளி எப்போதும் பக்கத்து நிலத்துக்காரர் பல்பீர் சிங்.

சிப்பாய்களை வார்த்தவர் அருளப்பன். வலையில் கட்டுகிற ஈயக்குண்டுகளை உருக்கி, களிமண் அச்சில் ஊற்றுவார். இரண்டு படையும் ஒரே ஈய நிறம். அதனால் எவன் யாருடைய ஆள் என்பதிலேயே பாதி ஞாயிறு சண்டையில் போகும். ஒருநாள் சர்தார் தம் ஆள் என்று சொல்லி அருளப்பனின் ஆளையே எடுத்துச் சுட்டுவிட்டார். அன்றுதான் அருளப்பன் என் பக்கம் திரும்பினார்.

"பாபு, ஆபீஸ் போர்டெல்லாம் நீங்கதான எழுதுதீய? நம்ம ஆளுகளுக்குப் பச்சை அடிச்சுக் குடுங்க. என் விரலுக்கு பிரஷ் அடங்காது."

போர்டு எழுதுகிறவனுக்கு இது எம்மாத்திரம் என்று நினைத்தேன். ஜீப்புக்கு அடித்து மிஞ்சிய பச்சையை டப்பாவிலிருந்தபடியே ஐந்து பேருக்கு அப்பிக்கொண்டு போனேன். அருளப்பன் ஒருவனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நான் மூக்கு வச்சுல்லா வார்த்தேன்? மூக்கை எங்க கொண்டுபோய் வச்சீய?"

மூக்கு மட்டுமா, கண், பட்டன், துப்பாக்கிப் பட்டை எல்லாமே பெயிண்டுக்குள் முழுகிப் போயிருந்தன. டர்பன்டைனில் ஊறப்போட்டுச் சுரண்டினோம். "பெயிண்டு மூடுதுக்கு இல்ல பாபு, காட்டுதுக்கு" என்றார். இனி தண்ணியாகக் கலந்து இரண்டு தடவை அடிக்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். பிரஷ்ஷில் ஏழெட்டு மயிரை மட்டும் விட்டு மற்றதை வெட்டினேன். ஒரு மாதம் உட்கார்ந்து முப்பது பேரையும் முடித்தேன். அது அடைமழைக் காலம். பெயிண்ட் காய்வேனா என்றது. தொட்டால் விரலில் ஒட்டியது. அந்த ஞாயிறு ஆட்டம் வைத்திருந்தோம். "ஒரு வாரம் தள்ளிப்போட்டா என்ன குடியா முழுகும்? காயட்டும். தீக்கு மட்டும் காட்டாதீய" என்று அருளப்பன் சொல்லியிருந்தார்.

நான் கேட்கவில்லை. சனிக்கிழமை காலை, கடைத்தெருவில் கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் பரண்மேல் முப்பது பேரையும் அடுக்கி வைத்துவிட்டு ஆபீஸ் போனேன். சூடு போதும், காய்ந்துவிடும் என்று கணக்கு. கீழே எரிவது சிரட்டையும் மட்டையும், அதன் புகை எப்படியிருக்கும் என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. மாலையில் போய்ப் பார்த்தால் முப்பது பேரும் கரிக்கட்டை. அவர் மாதக்கணக்கில் வார்த்தவை அவை.

டர்பன்டைன் துணியால் ஒருவனைத் துடைத்தேன். மேடான இடங்களில் கரி போயிற்று, பள்ளங்களில் தங்கிவிட்டது. தொப்பியின் கீழே நிழல், சட்டை மடிப்பில் நிழல், கண்குழியில் நிழல். அவன் என்னை முறைத்துப் பார்க்கிற மாதிரி இருந்தது. போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. முப்பது பேரையும் துடைத்தேன்.

ஞாயிறன்று பல்பீர் சிங் "வாஹ், பாபுஜி, வாஹ்!" என்று மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். அருளப்பன் ஒருவனை எடுத்து முகத்தருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். "இதை எங்க படிச்சீய?" என்றார். கொப்பரைக் கொட்டகை என்று சொல்ல நாக்கு எழவில்லை. "மதுரையில் எங்கள் தெருவில் ஒரு பெயிண்டர் இருந்தார், அவர் வித்தை" என்றேன். "டீக் ஹை. நல்லா இருக்கு" என்றார் அவர்.

அந்தப் பொய் ஆறு வருடம் என்னுடன் குடியிருந்தது. விளக்குக்கரியை டர்பன்டைனில் கரைத்து அதே நிழலை ஒழுங்காகக் கொண்டுவர நான் பழகிவிட்டேன். ஊரெல்லாம் எனக்குப் பெயர். ஆனால் அருளப்பன் மட்டும் மாதம் ஒருமுறை தவறாமல் கேட்பார்: "உங்க மதுரை ஆளு சுகமா இருக்காரா?" நான் சுகம் என்பேன். ஒரு தடவை அந்தப் பெயிண்டருக்குக் கல்யாணமே செய்துவைத்தேன். சொல்லிவிடலாம் என்று போய், சொல்லாமல் திரும்பிய ஞாயிறுகளுக்குக் கணக்கில்லை. பொய் சொன்னதைவிட, அந்த நல்ல மனிதரை இத்தனை நாள் ஏமாற்றியது தெரிந்தால் என் முகத்தில் விழிப்பாரா என்பதே பயம்.

இரண்டு மாதம் முன்பு வயிற்றுக் கட்டிக்காக அவரை மெயின்லேண்டுக்கு அனுப்பினார்கள். ஜெட்டியில் ட்ரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார், ஆள் பாதியாகியிருந்தார். அவர் மனைவி மரியம்மா டிக்கெட் சீட்டைக் காட்டப் போயிருந்தாள். கப்பல் சங்கு ஊதிவிட்டது. இப்போது விட்டால் இனி வாய்க்குமோ என்னவோ என்று பட்டது.

"ஹவில்தார், மதுரையில் அப்படி ஒரு பெயிண்டரே கிடையாது" என்றேன். கொட்டகைக் கதையை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்.

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "முப்பது பேரும் கொப்பரை வாசம் அடிச்சானுவளே பாபு, எனக்கா தெரியாது? ஆறு வருஷமா அந்த மனுசனை எப்பதான் சாகடிப்பீயன்னு பாத்துக்கிட்டே இருக்கேன்."

"தெரிந்தும் ஏன் சும்மா இருந்தீர்கள்?"

"அன்னைக்கே பொய்யைப் புடிச்சிருந்தா நீங்க திரும்ப பிரஷ்ஷைத் தொட்டிருப்பீயளா?"

மரியம்மா வந்துவிட்டாள். நான் கைத்தாங்கலாக அவரைப் படியேற்றி விட்டேன். அன்று ஜெட்டியிலிருந்து திரும்பி நடந்தபோது இருந்த லேசான மனம் ஆறு வருடத்தில் எனக்கு வாய்த்ததில்லை. செவ்வாய்க்கிழமைச் சீட்டும் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

முப்பது பேரையும் மரியம்மாவுக்கு அனுப்பிவைக்கப் போகிறேன். அருளப்பனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது வேறு. நேற்று பல்பீர் சிங் வந்தார். அவர் படை இன்னும் வெறும் ஈயம்தான். ஹவில்தார் நினைவாக முதல்முறையாகத் தாமே ஒருவனுக்கு நீலம் அடித்திருக்கிறார். கைக்குட்டையிலிருந்து எடுத்து நீட்டினார். மூக்கில்லை, கண்ணில்லை, துப்பாக்கியும் கையும் ஒரே கட்டி. அவர் என் முகத்தைப் பார்க்காமல், "க்யா கரூம் பாபுஜி, என்ன செய்ய, காற்றில் ஒரே ஈரம், பெயிண்ட் திரண்டுபோச்சு" என்றார்.

மூன்று வாரமாக இங்கே ஒரு சொட்டு மழை இல்லை.

"ஆமாம் சர்தார்ஜி, இந்த வருடம் ஈரம் ரொம்ப அதிகம்" என்று சொல்லி, டர்பன்டைன் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.