மாப்பிள்ளை நெஞ்சில் சிவப்புப் புள்ளி

எழுதினால் சிரிப்பார்களோ என்று பல வருடம் தள்ளிப்போட்டேன். ஆண்டாள் தாயார் மேல் பாரத்தைப் போட்டு இன்று எழுதுகிறேன்.

ராஜபாளையத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். தொண்ணூறுகளில், மங்கலான இடத்தில் அதன் சிவப்புப் புள்ளியைப் பார்த்து போகஸ் செய்ய உதவும் என்று, குறி பார்க்கத் துப்பாக்கியில் மாட்டும் லேசர் ஒன்றைச் சிங்கப்பூரில் இருந்த மச்சான் மூலம் வரவழைத்தேன். ஏர்போர்ட்டில் அவனைத் துருவித் துருவிக் கேட்டார்களாம். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணம். கேமராவில் லேசரைக் கட்டி, மாப்பிள்ளை நெஞ்சில் சிவப்புப் புள்ளியை வைத்தேன். பெண்ணின் தாய்மாமன், பட்டாளத்துக்காரர், பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தார்.

"ஏலே, யாரைச் சுட வந்த?"

"போகஸ் பண்ணத்தான் அண்ணாச்சி. அடுத்து பொண்ணு கண்ணுல வைக்கணும். கண்ணு தெளிவா விழுந்தாத்தான் படம்."

"கண்ணுலயா? எம்புட்டுத் தைரியம் உனக்கு. பார்வை போயிரும்லே."

லேசரைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வெளிநாட்டுச் சாமானை அமுக்கப் பார்க்கிறார் என்றே சந்தேகப்பட்டேன். தாலி கட்டி முடிந்ததும் அவரே திருப்பித் தந்து, அதில் ஒட்டியிருந்த இங்கிலீஷ் எச்சரிக்கையைத் தமிழில் சொன்னார். கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று அவர் முதலில் சொன்னதேதான் அதிலும் இருந்தது. மணமேடையில் சிரித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணைப் பார்த்தேன். லேசரைப் பைக்குள் போட்டு மூடினேன்.

இப்போதெல்லாம் விளக்கைப் பக்கத்தில் வைக்கச் சொல்லித்தான் போகஸ் செய்கிறேன். புதுச் சாமான் எது வந்தாலும், விவரம் தெரிந்தவர் வாசித்துச் சொன்ன பிறகே தொடுகிறேன். கேமரா பிடிக்கும் உங்கள் பிள்ளைகளிடம் இதைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொல்லுங்கள்.